ஒரே ஒரு தோட்டா



தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போகாத தோட்டக் குடும்பம் நம்மிடையே குறைவு. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு 272 படிகளையும் ஏறி, குகை வாயிலில் நின்று மூச்சு வாங்கியவர்கள்தாம் நாம் எல்லோரும். தம்புசாமி பிள்ளை அங்கே முருகனுக்குக் கோயில் கண்டது 1890-ஆம் ஆண்டையொட்டி. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடைபெற்று வருகிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1878-இல், கையில் துப்பாக்கியோடு அந்தக் குகைக்குள் நுழைந்து பார்த்த ஓர் அமெரிக்கரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அவர் பெயர் வில்லியம் ஹோர்னடே. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குக்குள்தான். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் என்னும் ஊரிலிருந்த ஒரு நிறுவனம், பொருட்காட்சிச் சாலைகளுக்கு விலங்குகளின் தோலும் எலும்பும் சேர்த்து வர அவரை அனுப்பியிருந்தது. தமிழ்நாட்டின் ஆனைமலையில் வேட்டையாடி, இலங்கைக்குப் போய், பிறகு மலாயாவுக்கும் போர்னியோவுக்கும் வந்தார். சிலாங்கூரில் போலீஸ் அதிகாரியாயிருந்த சையர்ஸ் என்பவரோடு காடு சுற்றியபோதுதான் பத்துமலைக் குகையைக் கண்டார். அந்தப் பகுதியின் பழங்குடி மக்களுக்கு அது காலங்காலமாகத் தெரிந்த இடந்தான். வெளியுலகத்திற்குத் தெரியவந்தது அப்போது. அதற்கு முந்திய ஆண்டான 1877-இல்தான் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கியிருந்தன. நம் பாட்டன்மார் வெட்டப்போகும் கித்தாக் காடுகள் அன்று வெறும் தொட்டிச் செடிகள்!

இன்று நாம் பேசப்போவது ஹோர்னடேயைப் பற்றி மட்டுமல்ல, அவர் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பற்றியும், அதற்கான தோட்டாவை மனிதர்கள் தம் கையாலேயே செய்துகொண்ட காலத்தைப் பற்றியும்.

யானைக்கென்று பெரிய துப்பாக்கி ஒன்று அவரிடம் தனியாக இருந்தது. ஆனால் அவர் மிகவும் நம்பியது மேனார்ட் என்னும் சிறிய துப்பாக்கியை. இதை முதலில் வகுத்தவர் துப்பாக்கிக் கொல்லர் அல்லர். வாஷிங்டன் நகரத்துப் பல் வைத்தியர் எட்வர்ட் மேனார்ட். பல் குழியை அடைக்கிற நுட்பமான கை, துப்பாக்கிக்கும் உதவியது போலும்! 1851-இல் அவர் உரிமம் பெற்ற அந்தத் துப்பாக்கியில் ஒரு சமயத்தில் ஒரு தோட்டாதான் போடலாம். அடியிலுள்ள நெம்பை இழுத்தால் குழல் முன்னே சாய்ந்து பின்புறம் திறக்கும். தோட்டாவை நுழைத்து மூடிச் சுடவேண்டும். மறுபடி சுட வேண்டுமென்றால் மறுபடி திறக்கவேண்டும். தவறவிட்டால் மான் போனது போனதுதான்.

தோட்டத்தில் பன்றி விரட்டுவதற்கு வைத்திருக்கும் துப்பாக்கியை நீங்கள் பார்த்திருக்கலாம். அது வேறு வகை. அதிலிருந்து சில்லுக் குண்டுகள் ஒரு பிடி கடுகை வீசினாற்போல் சிதறிப் போகும். நாம் சொல்லும் ரைஃபிள் என்பது ஒரே குண்டை அனுப்புவது. அதன் குழலுக்குள்ளே திருகாணியின் மரை போன்ற பள்ளங்கள் சுற்றிச் சுற்றி ஓடும். குண்டு அந்தப் பள்ளத்தைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். சுழலும் பம்பரம் சாய்வதில்லை அல்லவா? அதுபோலக் குண்டும் தலைகுப்புற விழாமல் நேராகப் போகிறது.

இனித் தோட்டாவைப் பார்ப்போம். தோட்டா என்றால் ஒரு பொருள் அல்ல, நான்கு பொருள். பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப்பு. கூட்டுக்குள் வெடிமருந்து. வாயில் ஈயக் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். நான்கில் விலை கூடியது அதுதான். அதைத் தூர எறிய யாருக்கு மனம் வரும்? கழுவிக் காயவைத்து, புதுக் கேப்பு, மருந்து, குண்டு வைத்து மறுபடி சுடலாம். மேனார்ட் துப்பாக்கியின் கூடு இதற்கென்றே தடித்த அடியோடு செய்யப்பட்டது. கடையே இல்லாத காட்டில் மாதக்கணக்கில் அலைகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சிக்கனத்துக்காகத் தொடங்கிய இந்தக் கைவேலை, குறி தவறாமைக்கும் வழி என்பது போகப்போகத் தெரிந்தது. நம் வேலையிலிருந்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரே உளி, ஒரே மரம். ஆனாலும் பட்டையை ஒவ்வொரு நாளும் ஒரே கனத்தில் சீவுகிறவர் வெட்டும் மரத்தில்தான் பால் ஒழுங்காக வடியும். இன்று ஆழம், நாளை மேலாக என்று வெட்டினால் மரமும் கெடும், பாலும் குறையும். தோட்டாவும் அப்படித்தான். முதல் தோட்டாவில் மருந்து சற்றுக் கூடுதல், அடுத்ததில் சற்றுக் குறைவு என்றால், முதல் குண்டு மேலே போகும், அடுத்தது கீழே விழும். துப்பாக்கி என்னவோ அதேதான். தோட்டாவுக்குத் தோட்டா வித்தியாசம் இல்லாமலிருப்பதே குறியின் இரகசியம்.

அமெரிக்க இராணுவம் 1873-இல் எடுத்துக்கொண்ட ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் கணக்கைச் சொன்னால் அளவு புரியும். கருமருந்து 70 கிரெயின், குண்டு 405 கிரெயின். கிரெயின் என்பது ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை. நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், குண்டு மூன்றேகால் பவுன். மருந்து அரைப் பவுனுக்குச் சற்றுக் கூடுதல். இதில் இரண்டு மூன்று குன்றிமணி கூடினாலும் குறைந்தாலும் தொலைவில் போய்க் காட்டிக் கொடுத்துவிடும்.

குண்டு வார்ப்பதே ஒரு கலை. வெறும் ஈயம் மிக மெதுவானது. அதனால் பதினாறு பங்கு ஈயத்திற்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது போலக் கலந்து உருக்குவார்கள். இரும்பு அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும். பணியாரக் கல் காயாமல் மாவு ஊற்றினால் எப்படியோ அப்படி. முதலில் வார்த்த சிலவற்றைத் திரும்ப உருக்கு சட்டியில் போட்டுவிடுவார்கள். நன்றாக வந்ததைத் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து பூசுவார்கள். தொலைதூரம் சுடுகிறவர்களோ குண்டைச் சுற்றி மெல்லிய காகிதத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். ஈயம் குழலில் ஒட்டாமலிருக்க இந்த ஏற்பாடு. கருமருந்தினால் இன்னொரு தொல்லையும் உண்டு. எரிந்தபின் குழலில் கரிப்பிசின் படியும். சிலர் ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைப்பார்கள். சிலர் சிறு குழாயை வைத்து வாயால் ஊதுவார்கள். மூச்சுக் காற்றின் ஈரம் பட்டுக் கரி இளகும்.

1884-இல் ஜான் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் என்னும் நிறுவனம், இந்த வேலைகளையெல்லாம் ஒரே கருவியில் அடக்கி விற்றது. பார்ப்பதற்கு நம் பாட்டி வைத்திருந்த பாக்குவெட்டி போலிருக்கும். நுனியில் குண்டு அச்சு, நடுவில் பழைய கேப்பைத் தள்ளவும் புதியதை அமுக்கவும் இடம், குண்டைக் கூட்டில் பொருத்த ஒரு துளை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

இங்கே ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு யாரும் கைவேலையில் இறங்கிவிட வேண்டாம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தோட்டா ஒன்றை வைத்திருப்பதே குற்றம். பின்னாளில் வந்த புகையில்லா மருந்தைக் கருமருந்துபோல் நினைத்து அளந்து போட்டு, துப்பாக்கி வெடித்துக் கையும் கண்ணும் இழந்தவர்கள் பலர். நாம் சரித்திரம் பேசுகிறோம், அவ்வளவே.

சரித்திரத்தில் இந்தக் கைத்தோட்டாவுக்குப் பெயர் வாங்கித் தந்த நாள் 1874 செப்டம்பர் 26. நியூயார்க் அருகே கிரீட்மூர் என்னும் திடல். முந்திய ஆண்டு பிரிட்டனில் பெரிய கேடயத்தை வென்றிருந்த அயர்லாந்துக்காரர்கள் அமெரிக்கர்களைப் போட்டிக்கு அழைத்தார்கள். பக்கத்துக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கெஜம் என்று மூன்று தொலைவுகளில் ஆளுக்குப் பதினைந்து பதினைந்து குண்டு. ஆயிரம் கெஜம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் லயத்து வாசலில் நின்றுகொண்டு பெரிய ரோட்டில் நிற்கும் பஸ்ஸைக் குறி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்துக்காரர்களிடம் இருந்தவை வாய்வழி கெட்டிக்கும் பழைய முறைத் துப்பாக்கிகள். ரிக்பி என்பவர் செய்தவை, மிகத் துல்லியமானவை. அமெரிக்கர்களிடம் ஷார்ப்ஸ், ரெமிங்டன் என்னும் புது வகைகள். பின்புறம் திறந்து தோட்டா போடுபவை. பின்புறம் திறக்கிற துப்பாக்கி குறி தவறும் என்றுதான் அன்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

900 கெஜத்தில் அயர்லாந்தின் மில்னர் சுட்ட குண்டு அச்சாகப் பலகையின் நடுவில் பாய்ந்தது. ஆனால் அது அவருடைய பலகை அன்று, பக்கத்துப் பலகை! நடுவில் பட்டால் நான்கு புள்ளி. அவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

முடிவுக் கட்டத்தில் அயர்லாந்து 931 புள்ளியோடு முடித்துவிட்டது. அமெரிக்கர்கள் 930-இல் நின்றார்கள். மீதி ஒரே குண்டு, ஒரே ஆள்: கர்னல் பொடைன். தாகத்துக்கு இஞ்சி பீர் போத்தலைத் திறக்கப்போய் அது வெடித்து, அவருடைய வலது கை கிழிந்து இரத்தம் ஒழுகியது. கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், சுட்டார். நடுப் புள்ளி. 934-க்கு 931. மில்னருடைய அந்த நான்கு புள்ளி சேர்ந்திருந்தால் அயர்லாந்து 935. துப்பாக்கியின் வெற்றி என்று உலகம் பேசியதில் பாதி, ஒரு மனிதனின் கண் பலகை மாறிப் போனதால் வந்தது. மேல்நாட்டுச் சரித்திரப் புத்தகங்களில் இதை நன்றாக அழுத்திச் சொல்வதில்லை என்பது நம் எண்ணம்.

ஆனால் நேயர்களே, அதே ஷார்ப்ஸ் துப்பாக்கிக்கு வேறொரு களமும் இருந்தது. அங்கே கேடயமும் இல்லை, கைத்தட்டலும் இல்லை.

அமெரிக்காவின் நடுவே உள்ள பெரும் புல்வெளிகளில் பைசன் என்னும் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. கமாஞ்சி, கயோவா, செய்யேன், லக்கோட்டா முதலிய பழங்குடி மக்களுக்கு அதுவே உணவு, உடை, கூடாரம் எல்லாம். நமக்குத் தென்னை போல என்று சொல்லலாம். எந்தப் பகுதியும் வீண் போகாது. 1871-ஐ ஒட்டி, அந்தத் தோலைப் பதப்படுத்தித் தொழிற்சாலைகளுக்கு வார்ப்பட்டை செய்யும் முறை தெரியவந்தது. 1872-இல் டாட்ஜ் சிட்டி என்னும் ஊருக்கு இரயில் வந்து சேர்ந்தது. தோலுக்கு விலை வந்தது. விலை வந்ததும் கூட்டம் வந்தது.

இந்த வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் ஏழைகள். போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காதவர்கள், கடன்பட்டவர்கள். வண்டியில் வெடிமருந்துப் பீப்பாயும் ஈயக் கட்டிகளும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பகலில் சுடுவது, இரவில் நெருப்பருகே உட்கார்ந்து குண்டு வார்த்து மறுநாளைக்குத் தோட்டா நிரப்புவது. செத்த மிருகத்தின் உடலைக் கிளறிப் பழைய ஈயத்தை எடுத்து மறுபடி உருக்கினவர்களும் உண்டு. ஐந்து முதல் ஏழு கிலோ எடையுள்ள ஷார்ப்ஸ் துப்பாக்கியை இரு குச்சிகளைப் பெருக்கல் குறி போல் நட்டு, அதன்மேல் சாய்த்து வைத்துச் சுடுவார்கள். முதலில் மந்தையை நடத்திச் செல்லும் கிழப் பசுவைச் சாய்ப்பார்கள். தலைவி விழுந்ததும் மற்றவை எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக. நெருங்கிப் போகவேண்டியதில்லை; தொலைவில் படுத்தபடியே பொழுதை முடித்துவிடலாம். தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை அப்படியே விட்டுப் போவார்கள். 1872 முதல் 1874 வரை மூன்றே ஆண்டுகளில் இரயிலேறிய தோல்களைக் கர்னல் டாட்ஜ் என்னும் இராணுவ அதிகாரி கணக்கிட்டார்: பதின்மூன்று இலட்சத்துக்கு மேல். பின்னாளில் வெளுத்துக் கிடந்த எலும்புகளையும் பொறுக்கி உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் விற்றார்கள்.

பழங்குடியினர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1867 ஒப்பந்தம் அவர்களுக்கு விட்டுக்கொடுத்த வேட்டை நிலத்துக்குள்ளேயே தோல்காரர்கள் புகுந்துவிட்டார்கள். 1874 ஜூன் 27 விடியற்காலையில் டெக்ஸாஸில் அடோபி வால்ஸ் என்னும் வேட்டைக்காரர் முகாமை நூற்றுக்கணக்கான பழங்குடி வீரர்கள் தாக்கினார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் குவானா பார்க்கர் என்னும் கமாஞ்சி இளைஞர். உள்ளேயிருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. ஆனால் அவர்களிடம் தொலைதூரத் துப்பாக்கிகளும் தோட்டா செய்யச் சாமான்களும் நிறைய இருந்தன. மூன்றாம் நாள் பில்லி டிக்ஸன் என்பவர் இரவல் வாங்கிய ஷார்ப்ஸ் துப்பாக்கியால், மிகத் தொலைவில் ஒரு மேட்டின்மேல் குதிரையில் நின்றவர்களை நோக்கிச் சுட, ஒருவர் விழுந்தார். அந்தத் தூரம் 1,538 கெஜம் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். அது வெறும் அதிர்ஷ்டம் என்று டிக்ஸனே ஒப்புக்கொண்டார். அதிர்ஷ்டமோ திறமையோ, தாக்குதல் முறிந்தது. அடுத்த ஆண்டு 1875-இல் குவானா தம் மக்களோடு சரணடைந்து, ஒதுக்கப்பட்ட நிலத்தில் போய்க் குடியிருந்தார். மந்தை போனபின் எதை உண்டு போரிடுவது?

இதற்கிடையே கைத்தோட்டா ஆராய்ச்சி அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ஃபிராங்க்ளின் மான் என்பவர், கோழித் தீனிக்கு எலும்பு அரைக்கும் எந்திரம் செய்து சம்பாதித்த பணத்தையெல்லாம் இதில் போட்டார். சிமெண்டு மேடையில் குழலை அசையாமல் கட்டி, வழியெங்கும் காகிதத் திரைகள் தொங்கவிட்டு, குண்டு எப்படிப் பறக்கிறது என்று பார்த்தார். எண்ணெயில் ஊறிய மரத்தூளில் சுட்டு, குண்டைச் சேதமில்லாமல் எடுத்து ஆராய்ந்தார். குண்டின் மூக்கு சற்று நசுங்கினாலும் பெரிய கேடில்லை, அதன் அடிப்பாகம் சிறிதளவு சாய்ந்தாலும் குறி கெடும் என்று கண்டார். 1909-இல் அவர் எழுதிய நூலை இன்றும் அத்துறையினர் புரட்டுகிறார்கள். ஒரு மனிதர் எதற்காகத்தான் இவ்வளவு பாடுபடுவார் என்று நமக்குத் தோன்றலாம். கோலத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுகிற நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் பதில் சொல்வார்கள்.

இப்போது ஹோர்னடேயிடம் திரும்புவோம். மலாயாவிலிருந்து ஊர் திரும்பியவர், வாஷிங்டன் தேசிய பொருட்காட்சிச் சாலையில் விலங்குகளைப் பதப்படுத்தும் பிரிவின் தலைவரானார். 1886-இல் சாலையிலுள்ள பைசன் தோல்களை எண்ணிப் பார்த்தபோது நல்லதாக ஒன்றுகூட இல்லை. பிடித்து வரலாமென்று மொண்டானா மாநிலத்துக்குப் போனார். புல்வெளி காலியாகக் கிடந்தது. எலும்புகள்தாம் எங்கும். வாரக்கணக்கில் தேடி, மிஞ்சியிருந்தவற்றுள் இருபத்தைந்தைச் சுட்டுக்கொண்டு வந்தார். அழியப்போவதை அழியுமுன் பதப்படுத்தி வைக்கவேண்டும் என்பது அவர் சொன்ன நியாயம். நமக்கு அது விசித்திரமாகத்தான் படுகிறது.

ஆனால் அந்தப் பயணம் அவரை மாற்றிவிட்டது. ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் கணக்கெடுத்தார். 1889-இல் வெளியான அறிக்கையில் வட அமெரிக்கா முழுவதிலும் உயிரோடிருக்கும் பைசன்கள் 1,091 என்று எழுதினார். அதில் அமெரிக்க நாட்டில் காவலின்றிக் காட்டில் திரிந்தவை 85. அழிவுக்குக் காரணங்களை அடுக்கும்போது, பின்புறம் திறக்கும் துப்பாக்கியின் திருத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்தார். அரசாங்கத்தின் பாராமுகத்தையும் விடவில்லை. பின்வந்த ஆய்வாளர்கள் வறட்சியையும் மாட்டு நோயையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பிறகு அவர் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிச் சாலையின் தலைவராகி, பைசன்களை வளர்க்கத் தொடங்கினார். அந்த மனிதரை முழுக்கப் புகழ்ந்துவிடவும் முடியாது. 1906-இல் கொங்கோ நாட்டைச் சேர்ந்த ஓட்டா பெங்கா என்னும் இளைஞரைக் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்தது அதே சாலை, வைத்தவரும் அவரே. கறுப்பினப் பாதிரிமார்கள் எதிர்த்துக் குரலெழுப்பிய பிறகுதான் அந்த இளைஞர் விடுபட்டார். விலங்கின்மேல் பிறந்த இரக்கம் மனிதன்மேல் பிறக்கவில்லை. நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோட்ட துரைமார்களின் காலத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அது சரித்திரமாகாது.

1907 அக்டோபரில் பதினைந்து பைசன்கள் நியூயார்க்கில் இரயிலேறின. ஏழு நாள் பயணம் செய்து ஒக்லஹோமாவில் கேஷ் என்னும் சிற்றூரில் இறங்கின. அருகிலிருந்த விச்சிட்டா மலைக் காப்புக்காட்டில் அவற்றை விடுவதாக ஏற்பாடு. அந்த வட்டாரத்துக் குடியேறிகளும் கமாஞ்சி மக்களும் அவற்றைப் பார்க்க வந்து கூடினார்கள். பல ஆண்டுகளாக மந்தையைக் காணாத ஊரில், முன்வரிசையில் நின்ற பெரியவர்களில் ஒருவர் குவானா பார்க்கர். அடோபி வால்ஸில் அன்று குதிரைமேல் வந்த அதே குவானா. பெட்டிகளை வண்டியிலேற்றி மலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறங்கிய பதினைந்தின் வழிவந்தவை இன்றும் அந்த மலைச்சாரலில் பல நூறாக மேய்கின்றன.